மலைமக்களிடம் பாடம் படித்த துரை



துரை என்ற சொல்லை நம்மில் மூத்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மேட்டு பங்களா, வெள்ளைக் கால்சட்டை, சப்பாத்துச் சத்தம். துரை வருகிறார் என்றால் தண்டல் பெல்ட்டை இறுக்கிக்கொள்வார், கிராணி கணக்குப் புத்தகத்தைத் தேடுவார், பெரட்டுக் களத்தில் பிள்ளை அழுதால் ஆத்தா வாயைப் பொத்துவாள். துரை பேசுவார், நாம் கேட்போம். நம் பேச்சைத் துரை கேட்டதாக எங்கள் தோட்டத்தில் சரித்திரமே இல்லை.

அதே வெள்ளைக்கார நாட்டில் பிறந்து, பெரிய படிப்புப் படித்து, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, காட்டு மக்களின் மண் குடிசைக்குப் பக்கத்தில் தானும் ஒரு மண் குடிசை போட்டுக்கொண்டு, அவர்கள் பேச்சைக் கேட்டே வயதைக் கழித்த ஒருவர் இருந்தார். அவர் பெயர் வெரியர் எல்வின். இந்தியாவில் பழங்குடி மக்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இன்றும் அவர் பெயர் வந்துவிடுகிறது. நம்ம பிள்ளைகளுக்கு அவரைத் தெரியாது. ஆகவே இந்தப் பரிசளிப்பு விழா மலரில் அவர் கதையைச் சொல்ல விரும்புகிறேன்.

1902-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் இங்கிலாந்தின் டோவர் துறைமுகப் பட்டணத்தில் பிறந்தார். தகப்பனார் ஆப்பிரிக்காவில் சியரா லியோன் நாட்டின் பிஷப்பாக இருந்தவர். மகனுக்கு ஏழு வயதானபோது காலமாகிவிட்டார். பக்தியும் கட்டுப்பாடும் மிகுந்த குடும்பம். பையன் படிப்பில் சூரன். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பு, இறையியலில் இன்னொரு முதல் வகுப்பு. பாதிரியாராகப் பட்டம் பெற்றார். அங்கேயே இருந்திருந்தால் பிஷப்பாகவோ பேராசிரியராகவோ ஆகியிருப்பார். ஊரே கைகட்டி நின்றிருக்கும்.

ஆனால் அவர் மனத்தில் வேறொரு கணக்கு ஓடியது. தன் நாட்டார் இந்தியாவுக்குப் போனதெல்லாம் எடுத்துக்கொண்டு வரத்தான்; அந்தக் கடனில் கொஞ்சத்தையாவது திருப்பிக் கட்ட ஒருவன் போக வேண்டும் என்று நினைத்தார். 1927-இல் கப்பலேறிப் பூனாவிலிருந்த ஒரு கிறிஸ்தவ ஆசிரமத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே சபர்மதிக்குப் போய் மகாத்மா காந்தியைப் பார்த்தார். காந்தியடிகள் இவரை மகனைப்போல் பாவித்தார். இவரும் கதர் கட்டினார், காங்கிரசுக்காக எழுதினார், பேசினார். சொந்த நாட்டு அரசாங்கத்தின் போலீசே இவர் பின்னால் வர ஆரம்பித்தது.

1932 ஜனவரியில் பம்பாயில் காந்தியடிகளைக் கைது செய்த இரவில் எல்வினும் அதே வீட்டில்தான் இருந்தார். அந்த மாதக் கடைசியில், சாம்ராவ் ஹிவாலே என்ற மராட்டிய நண்பரைக் கூட்டிக்கொண்டு நடு இந்தியாவின் மைக்கால் மலைக்குப் புறப்பட்டுவிட்டார். நர்மதை ஆறு பிறக்கும் அமர்கண்டக் பக்கத்துக் காடு அது. கோண்டு இன மக்கள் வாழும் கரஞ்சியா என்ற சின்னக் கிராமத்தில் இருவரும் குடிசை போட்டார்கள்.

இங்கேதான் கதை ருசிக்கிறது. இருவரும் போனது பாடம் படிக்க அல்ல, சொல்லிக்கொடுக்க. கையில் ஒரு முழுத் திட்டமே இருந்தது. ராட்டை சுற்ற வைக்க வேண்டும். குடியை ஒழிக்க வேண்டும். பள்ளிக்கூடம் வைக்க வேண்டும். மருந்து கொடுக்க வேண்டும். மருந்தும் பள்ளியும் சரி. தொழுநோயாளிகளுக்கு ஓர் இல்லமும் நடத்தினார்கள். ஊரார் தொடப் பயந்த நோயாளிகளை இவர்கள் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். ஆனால் ராட்டை என்ன ஆயிற்று தெரியுமா? அந்த மலையில் பருத்தியே விளையாது! பஞ்சை வெளியூரிலிருந்து வாங்கி, மலையேற்றி, நூற்று, நெய்து உடுத்த வேண்டும். ஏழைக்கு உதவ வந்த திட்டம் ஏழைக்கே செலவு வைக்கும். ஊரில் நல்லதாக இருந்தது காட்டில் நல்லதாக இல்லை. எல்வின் அதைப் பார்த்தார், கைவிட்டார். சொன்னது காந்தியடிகள்தானே, எப்படித் தப்பாகும் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை.

மது விஷயத்தில் இன்னும் பெரிய சங்கடம். கோண்டு மக்கள் இலுப்பைப் பூவிலிருந்து சாராயம் காய்ச்சுவார்கள். பிறப்பு, கல்யாணம், சாவு, சாமி கும்பிடு எல்லாவற்றிலும் அதற்கு ஓர் இடம் உண்டு. அது இல்லாவிட்டால் அவர்கள் சாமிக்குப் படையலே இல்லை. அதைத் தடுக்க வெளியாளுக்கு உரிமையில்லை என்ற முடிவுக்கு எல்வின் வந்தார். உண்மையைச் சொல்கிறேன், கள்ளுக்கடை வாசலில் சம்பள நாள் சண்டையைப் பார்த்து வளர்ந்தவன் நான். இந்த இடத்தை முதலில் படித்தபோது எனக்குக் கோபந்தான் வந்தது. அப்புறம் யோசித்தேன். நம் தோட்டத்துக் கள்ளுக்கடை நாம் கேட்டு வந்ததா? உழைத்த காசு உழைத்த இடத்திலேயே திரும்பிப் போவதற்காக மேலேயிருந்து வந்தது. மலைமக்களின் சாராயம் அவர்கள் கையால் காய்ச்சி, அவர்கள் சாமிக்கு ஊற்றியது. இரண்டுக்கும் ஒரே சட்டம் போட முடியுமா? எனக்கு இன்னும் முழுத் தெளிவு வரவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்து பார்த்தவர் சொன்னதை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடவும் முடியவில்லை.

மூன்றாவது சங்கடம் மதம். பாதிரியாராக வந்தவர்; ஆனால் கோண்டு மக்கள் யாரையும் மதம் மாற்றுவதில்லை என்று தீர்மானித்துவிட்டார். நாகபுரி பிஷப் அவருக்கு அனுமதி கொடுக்க மறுத்தார். தாமே ஞானம் கொண்டுவந்தவர் என்ற எண்ணம் நாளுக்கு நாள் கரைந்துகொண்டே வந்தது. 1930-களின் நடுவில் எல்வின் பாதிரியார் அங்கியையும் திருச்சபையையும் விட்டு விலகிவிட்டார். பிஷப் ஒருவரின் மகனுக்கு இது எப்படிப்பட்ட முடிவு என்று எண்ணிப் பாருங்கள். நண்பர்கள் பலரை இழந்தார். காந்தியடிகளோடும் இடைவெளி விழுந்தது. சாம்ராவ் மட்டும் விட்டுப் போகவில்லை.

எல்லாம் போன பிறகு மிச்சமிருந்தது காது ஒன்றுதான். கேட்க ஆரம்பித்தார். மலேரியாக் காய்ச்சலில் படுத்து எழுந்து, மறுபடியும் கேட்டார். பாட்டுக் கேட்டார், கதை கேட்டார், விடுகதை கேட்டார். ஒவ்வொன்றையும் எழுதி வைத்தார். அவரும் சாம்ராவும் சேர்ந்து அந்த மலைப் பாட்டுகளை மொழிபெயர்த்து வெளியிட்டார்கள்.

பக்கத்துக் காடுகளில் பைகா என்றொரு மக்கள். மரத்தை வெட்டிச் சாய்த்து, காய்ந்ததும் எரித்து, சாம்பலில் விதை தூவி விளைவிப்பார்கள். இரண்டு மூன்று வருடத்தில் அந்த இடத்தை விட்டு வேறிடம் போவார்கள். பழைய இடத்தில் காடு திரும்ப வளரும். இதற்கு பேவர் என்று பெயர். ஏர் பூட்டி உழ மாட்டார்கள். பூமி தாய், தாயின் மார்பை இரும்பால் கீறலாமா என்பது அவர்கள் நம்பிக்கை. வனத்துறைத் துரைமார்களுக்கு மரம் வேண்டும். இருப்புப் பாதைக்குக் கட்டை வேண்டும். ஆகவே பேவரைத் தடை செய்தார்கள். 1890-இல் ஒரு சின்ன வட்டாரத்தை மட்டும் பைகாக்களுக்கென்று ஒதுக்கி, அதற்குள் செய்துகொள்ளலாம் என்றார்கள். மற்ற இடத்துப் பைகாக்கள் ஏரைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

அதிகாரிகள் சோம்பேறிகள் என்று எழுதி வைத்த அந்த மக்களை எல்வின் வேறு விதமாகப் பார்த்தார். பேவர் போனதோடு அவர்கள் மனத்தெம்பும் போய்விட்டது என்பதை வீடு வீடாக உட்கார்ந்து கேட்டுக் கண்டுபிடித்தார். 1939-இல் பைகா மக்களைப் பற்றி அவர் எழுதிய தடித்த புத்தகம் வெளிவந்தது. அதிகாரிகளும் அறிஞர்களும் அதை ஒதுக்கிவிட முடியவில்லை.

அதைத் தொடர்ந்து அகரியா மக்களைப் பற்றி 1942-இல் ஒரு நூல். இவர்கள் மலைக்கல்லை உருக்கி இரும்பு எடுத்தவர்கள். உலைக்கு வரி, காட்டில் கரிக்குத் தடை, சந்தையில் ஆலை இரும்பு. மூன்றும் சேர்ந்து நெருக்க, பழைய உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பஸ்தர் காட்டில் மாரியா மக்களிடையே நடந்த 100 கொலை வழக்குகளை எடுத்து, ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்று ஆராய்ந்து 1943-இல் எழுதினார். கொலைகாரக் கூட்டம் என்ற பழிக்குப் பின்னால் வறுமையும் அவமானமும் நோயும் சந்தேகமும் மனிதக் கோபமும் இருந்ததைக் காட்டினார். 1936 வரை சென்னை மாகாணத்தோடு சேர்ந்திருந்த ஒரிசா மலைகளில் சவரா மக்களோடு பல காலம் பழகி, அவர்கள் சமயத்தைப் பற்றி ஒரு பெரிய நூல் செய்தார். ஒருவர் வாழ்நாளில் இத்தனையா என்று மலைப்பாக இருக்கிறது.

பைகா புத்தகத்தில் எல்வின் ஒரு தவறும் செய்தார். அந்த மக்களை வெளியார் தொல்லையிலிருந்து காப்பாற்ற, அவர்கள் வட்டாரத்தைத் தேசியப் பூங்கா மாதிரி தனியே வேலி கட்டி வைக்கலாம் என்று யோசனை சொல்லிவிட்டார். எழுந்தது எதிர்ப்பு. மனிதர்களை மிருகக் காட்சிசாலையில் வைப்பதா என்று கேட்டார்கள். சென்னை தியாகராய நகரில் யார் பெயரில் வித்தியாலயம் இருக்கிறதோ அந்தத் தக்கர் பாபா, பழங்குடியினரை ஒதுக்கி வைக்காமல் நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று வாதாடினார். அவரும் ஆதிவாசிகளுக்காகத் தேய்ந்த பெரியவர். அவர் வாதத்திலும் நியாயம் இருந்தது. வேலி போட்டால் கந்துவட்டிக்காரன் மட்டுமா வெளியே நிற்பான்? பள்ளிக்கூடமும் டாக்டரும்கூட வெளியேதானே நிற்பார்கள்! எல்வின் நாளடைவில் அந்த யோசனையைக் கைவிட்டார். அடைத்து வைப்பதும் கூடாது, அடித்துப் பிடித்து மாற்றுவதும் கூடாது என்ற நடுவழியைத் தேடத் தொடங்கினார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விழா மலரில் பெரியவர்களைப் பற்றி எழுதும்போது குறையை விட்டுவிடுவது வழக்கம். எனக்கு அது பிடிப்பதில்லை. 1940-இல் எல்வின் கோசி என்ற கோண்டு இளம்பெண்ணை மணந்தார். முதல் மகனுக்கு ஜவகர் என்று பெயரிட்டார்கள். 1949-இல் மணவிலக்கு ஆயிற்று. கோசி தன் மக்களிடையே திரும்பி, முதுமை வரை வறுமையில்தான் வாழ்ந்தார். ஆயிரம் பக்கம் மலைமக்களைப் பற்றி எழுதிய மனிதர், தன் வரலாற்றில் இந்த மலைமகளைச் சில வரிகளில் தாண்டிப் போய்விட்டார். ஊர்ப் பெண்கள் கதையையெல்லாம் கேட்டவர் தன் வீட்டுப் பெண்ணின் கதையைக் கேட்டாரா? தெரியாது. பின்னர் பாட்டன்கர் கிராமத்துப் பர்தான் குலத்தைச் சேர்ந்த லீலாவை மணந்து கடைசி வரை அவரோடு வாழ்ந்தார்.

இந்தியா விடுதலை பெற்றது. வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டினார்கள், எல்வின் கட்டவில்லை. 1954-இல் இந்தியக் குடிமகனாகவே ஆகிவிட்டார். அதே ஆண்டில் பிரதமர் நேருவின் அரசாங்கம் அவரை வடகிழக்கு எல்லைப்புறப் பகுதிக்குப் பழங்குடி ஆலோசகராக அமர்த்தியது. இன்றைய அருணாசலப் பிரதேசம் அது. 1972-இல்தான் அந்தப் பெயர் வந்தது. ஷில்லாங்கில் குடியேறினார். அலுவலகத்தில் உட்கார்ந்து கோப்பு பார்த்தவர் அல்ல. ஐம்பது வயது தாண்டியும் மலைப்பாதைகளில் பயணம் போனார். 1956-இல் பனிமலை கடந்து தவாங்கு பௌத்த மடம் வரை போய் வந்தார்.

அங்கே அவருக்கு முன்னால் நின்ற மாணவர்கள் யார்? அதிகாரிகள்! சமவெளியிலிருந்து புதிதாகப் படித்து வந்த இளம் அதிகாரிகள். அவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்ததை இன்று படித்தாலும் இனிக்கிறது. முதலில் மொழியைக் கற்றுக்கொள். அவர்கள் கொடுப்பதை முகம் சுளிக்காமல் சாப்பிடு. அவர்கள் உடையைப் பார்த்துச் சிரிக்காதே; சீமை உடை மாட்டிவிட்டு நாகரிகம் வந்ததாக நினைக்காதே. அவர்கள் தறியில் நெய்வது உன் கடைத்துணியை விட அழகு, அதை வளரவிடு. கட்டடம் கட்டினால் அந்த ஊர்ப் பாணியில் கட்டு. வெளியார் நிலம் வாங்க விடாதே. இப்படிப் போகிறது அந்தப் பாடம். 1957-இல் இதையெல்லாம் ஒரு நூலாக எழுதினார். அதன் அடுத்த பதிப்புக்கு நேருவே முன்னுரை எழுதி, ஐந்து கொள்கைகளை வகுத்துக் கொடுத்தார். மக்கள் தங்கள் இயல்பின்படி வளர வேண்டும், எதையும் திணிக்கக் கூடாது. நிலத்திலும் காட்டிலும் அவர்கள் உரிமையை மதிக்க வேண்டும். அவர்களிலிருந்தே ஆட்களைப் பழக்கி நிர்வாகத்தில் வைக்க வேண்டும். திட்டங்களைக் கொட்டி மூச்சுமுட்ட வைக்கக் கூடாது. எத்தனை ரூபாய் செலவாயிற்று என்று பார்க்காமல் மனிதர்கள் எப்படி வளர்ந்தார்கள் என்று பார்க்க வேண்டும். இவ்வளவுதான். எழுதுவது எளிது. பின்னால் வந்தவர்கள் எல்லா இடத்திலும் அப்படி நடந்தார்களா என்றால், இல்லை.

1961-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது கொடுத்தார்கள். 1964 பிப்ரவரி 22-ஆம் நாள் டில்லியில் மாரடைப்பால் காலமானார். வயது 61. மூன்று மாதத்தில் நேருவும் போய்ச் சேர்ந்தார். அவருடைய தன்வரலாறு அவர் மறைந்த பிறகே வெளிவந்தது. அதற்கு 1965-இல் சாகித்திய அகாடமி பரிசு கிடைத்தது.

இந்தியாக் கதை நமக்கு எதற்கு என்று பின்வரிசையில் யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்வின் வடகிழக்கு மலைக்குப் போன அதே 1954-இல்தான் மலாயாவில் பூர்வகுடி மக்களுக்கான சட்டம் வந்தது. அதற்கும் முன்னால், தைப்பிங் அரும்பொருளகத்தில் வேலை பார்த்த நூன் என்ற இளம் ஆங்கிலேயர் பேராக், கிளந்தான் காடுகளில் தெமியார் மக்களோடு வாழ்ந்து, 1936-இல் அவர்கள் நிலத்துக்கும் நலத்துக்கும் வாதாடி ஓர் அறிக்கை எழுதினார். ஜப்பான்காரன் காலத்தில், 1943-இல், காட்டிலேயே உயிரிழந்தார். பிறகு கோம்பாக்கில் ஓராங் அஸ்லி மக்களுக்கென்று ஒரு மருத்துவமனை எழுந்தது. நோயாளியோடு குடும்பமும் கூட வந்து தங்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். அஸ்லி இளைஞர்களையே மருத்துவ உதவியாளர்களாகப் பழக்கினார்கள். காட்டைவிட்டு வரப் பயந்தவர்கள் அதனால்தான் வந்தார்கள்.

நம் மலாக்காவில்? புக்கிட் செபாங் பக்கம் போய்ப் பாருங்கள். அலோர் காஜா, ஜாசின் வட்டாரங்களில் தெமுவான் மக்களின் கம்பங்கள் இருக்கின்றன. நாம் கப்பலில் வருவதற்கும், பறங்கிக்காரன் கோட்டை கட்டுவதற்கும் முன்னாலிருந்து இந்த மண்ணில் இருப்பவர்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது அவர்கள் பெத்தாயும் பிரம்பும், பருவத்தில் டுரியானும் சுமந்துகொண்டு லயத்துப் பக்கம் வருவார்கள். எங்கள் அம்மா உப்பும் கருவாடும் கொடுத்துப் பண்டமாற்று செய்வார்கள். பையன்கள் நாங்கள் அவர்கள் பின்னாலேயே ஓடி, சக்காய், சக்காய் என்று கத்துவோம். அந்தச் சொல்லில் அடிமை என்ற நெடி இருப்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. 1960-களில் அரசாங்கம் ஓராங் அஸ்லி என்ற பெயரை ஏற்றுக்கொண்டது. எங்கள் வாய்க்கு அந்தப் பெயர் வர இன்னும் பல வருடம் பிடித்தது. நம்மைப் பார்த்து அடுத்தவர் வீசிய பட்டப்பெயரெல்லாம் நமக்கு எப்படிச் சுட்டது! ஆனாலும் கையில் கிடைத்ததை நாமும் எடுத்து வீசினோம். பெத்தாய் கொண்டுவந்த அந்தக் கிழவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்து ஏசியதில்லை. அவர் பேர் என்ன என்று நாங்கள் கேட்டதுமில்லை.

எல்வின் கதையை முடிக்குமுன் பாட்டன்கருக்கு ஒருமுறை போய் வருவோம். அவரும் சாம்ராவும் பின்னாளில் குடியிருந்த கிராமம் அது. அந்த வட்டாரத்துப் பெண்கள் மண்சுவரில் வரையும் கோலங்களையும் உருவங்களையும் பார்த்து மயங்கி, 1951-இல் நடு இந்தியப் பழங்குடிக் கலையைப் பற்றி அவர் ஒரு புத்தகமே எழுதினார். அவர் போன பிறகு, 1980-களின் தொடக்கத்தில், போபால் நகரக் கலைக்கூடத்துக்காக நல்ல கைகளைத் தேடிக்கொண்டிருந்தார் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஓவியர் ஜெ. சுவாமிநாதன். அந்தத் தேடலில் பாட்டன்கர் வீட்டுச் சுவர் ஒன்றில் ஒரு படம் அகப்பட்டது. வரைந்தவர் ஜங்கட் சிங் சியாம் என்ற பர்தான் குலத்து இளைஞர். அந்தப் பையனைப் போபாலுக்கு அழைத்துப் போனார்கள். காகிதமும் வர்ணமும் கொடுத்தார்கள். எப்படி வரைய வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் படங்கள் பாரிஸ் வரை போயின. இன்று பாட்டன்கரில் பல வீடுகளில் ஓவியர்கள் இருக்கிறார்கள். பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து புள்ளி புள்ளியாக மானும் மரமும் வரைகிறார்கள்.